ஹர்த்தால் முதல் கவனயீர்ப்பு வரை: போராட்டச் சொற்கள் வந்த வழி

போன வருஷம் மதுரையிலிருந்து வந்த மச்சான் ஒருவர், மனைவி வழி உறவு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினார். காலையில் தேத்தண்ணியோடு தமிழ்ப் பேப்பரை விரித்ததும் அவருடைய சந்தேகங்கள் தொடங்கும். "விளக்கமறியல்னு போட்டிருக்கே, ரோட்டுல உட்கார்ந்து விளக்கம் கேக்குறாங்களா?" என்றார் இரண்டாம் நாள். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் பிடிபட்டது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் சனங்கள் பாதையை மறிப்பது. இலங்கையில் மறியல் என்றால் அரசாங்கம் ஆளை மறித்து வைப்பது, விளக்கமறியல் என்றால் விசாரணை முடியும் வரை சிறையில் வைப்பது. அங்கே மறியல் செய்பவர் தெருவில் இருப்பார், இங்கே மறியலில் இருப்பவர் வெலிக்கடைச் சிறையில் இருப்பார். வேர் ஒன்றுதான். யார் யாரை மறிக்கிறார் என்பதில்தான் பாக்குநீரிணை அளவுக்கு வித்தியாசம்.

அதே பேப்பரில் அன்றைக்கு ஒரு பணிப்பகிஷ்கரிப்பு, ஒரு சுகயீன விடுமுறைப் போராட்டம், வடக்கில் ஒரு பூரண ஹர்த்தால் அறிவிப்பு, உள்பக்கங்களில் மூன்று கவனயீர்ப்புப் போராட்டங்கள். "ஒரே சமாசாரத்துக்கு எதுக்கு இத்தனை பேர்?" என்று கேட்டார் மச்சான்.

ஒரே சமாசாரம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் வேறொரு ஊரில், வேறொரு சண்டையில் பிறந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் வேறொரு கைக்கு ஏற்ற ஆயுதம். கடை வைத்திருப்பவர் கதவைச் சாத்தலாம். வேலை செய்பவர் கையைக் கட்டலாம். வாக்கு உள்ளவர் அதைப் போடாமல் விடலாம். தன்னிடம் இருக்கும் எதைக் கொடுக்க மறுத்தால் எதிராளிக்கு வலிக்கும் என்ற கணக்கில்தான் எல்லாப் போராட்டமும் நடக்கிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சொற்களைப் பின்தொடர்ந்தால் இந்த நகரத்தின் அரசியல் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

ஹர்த்தாலிலிருந்து தொடங்கலாம். அது குஜராத்திச் சொல். ஹாட் என்றால் கடை, சந்தை. தாலா என்றால் பூட்டு. வரி கூடினால், அதிகாரி அட்டகாசம் பண்ணினால், ஊரில் பெரிய சாவு விழுந்தால் கடைத்தெரு மொத்தமாகக் கதவைச் சாத்துவது அங்கே பழைய வியாபாரி வழக்கம். விசாரணை இல்லாமல் ஆளைச் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டம் 1919இல் வந்தபோது, வணிகக் குடும்பத்தில் பிறந்த காந்தி இந்த வழக்கத்தைக் கடைத்தெருவிலிருந்து எடுத்து நாடு முழுவதற்கும் ஆக்கினார். ஏப்ரல் 6ஆம் திகதி இந்தியாவின் பல நகரங்களில் கடைகள் திறக்கவில்லை. அதில் இருந்த தந்திரத்தைக் கவனியுங்கள். கூட்டம் கூடினால் கலைக்கலாம், பேசினால் பிடிக்கலாம். ஒருவர் தன் கடையைத் திறக்காமல் வீட்டில் படுத்திருந்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அதற்குப் பதில் தெரியாத அரசாங்கம் கூட்டம் கூடிய இடத்தில் தன் ஆத்திரத்தைத் தீர்த்தது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 13இல், அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்.

சொல் அப்புறம் கப்பலேறியது. 1947 ஒக்டோபர் 20ஆம் திகதி மலாயாவில், பிரித்தானியர் வகுத்த கூட்டாட்சி அரசியலமைப்பை எதிர்த்து, சிங்கப்பூர் உட்பட நாடு முழுக்க ஹர்த்தால் நடந்தது. சீன வியாபாரிகளும் மலாய் இடதுசாரிகளும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே நாளில் ஒரே குஜராத்திச் சொல்லின் கீழ் நின்றார்கள். அரசியலமைப்பு என்னவோ நிற்கவில்லை. அடுத்த பெப்ரவரியில் அமுலுக்கு வந்தது, ஜூனில் அவசரகாலச் சட்டமும் வந்தது.

கொழும்பின் முறை 1953.

அதன் பின்னணி அரிசி. கொரிய யுத்தம் நடந்தபோது இறப்பர் விலை மேலே போய், இலங்கையின் கையில் காசு புழங்கியது. விலை விழுந்ததும் காசு வற்றியது, ஆனால் இறக்குமதி அரிசியின் விலை இறங்கவில்லை. நாடோ அரசாங்கம் மானிய விலையில் கொடுத்த கூப்பன் அரிசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 1952 மார்ச்சில் டி. எஸ். சேனாநாயக்க காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த பிறகு மகன் டட்லி பிரதமரானார். கூப்பன் அரிசியைக் கொத்து என்ற ஓர் அளவு 25 சதத்துக்கே தருவோம் என்ற வாக்குறுதியோடு மே மாதத் தேர்தலையும் வென்றார். அடுத்த ஆண்டு ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவின் வரவுசெலவுத் திட்டம் அதே கொத்தை 70 சதமாக்கியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. உணவு மானியத்தைக் குறைக்கச் சொல்லி உலக வங்கிக் குழு ஏற்கெனவே அறிக்கை கொடுத்திருந்தது. வெளியிலிருந்து ஆலோசனை வரும், அரசு விலையை ஏற்றும், சனம் தெருவில் இறங்கும் என்ற இந்த வரிசையைப் பின்னாளில் 1977இல் கெய்ரோவும் 1989இல் கராகஸும் பார்த்தன. கொழும்பு அதை எவ்வளவோ முன்னால் பார்த்துவிட்டது.

ஓகஸ்ட் 12ஆம் திகதிக்கு இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. லங்கா சமசமாஜக் கட்சி முன்னால் நின்றது, தமிழரசுக் கட்சி ஆதரவு தெரிவித்தது. கேட்டது ஒரு நாள் கதவடைப்பு. நடந்தது அதைத் தாண்டியது. கொழும்பிலிருந்து தெற்கே கரையோரம் நெடுக, மொறட்டுவை, பாணந்துறை, அம்பலாங்கொடைப் பக்கமெல்லாம் மரங்களைத் தறித்துப் பாதையில் போட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றினார்கள். பஸ்களுக்குக் கல் விழுந்தது. கொழும்பு துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி அமைச்சரவை கூட்டம் போட்டது. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருஷம்தான். சொந்த மக்களுக்குப் பயந்து, போன வெள்ளைக்காரனின் கப்பலில் போய் உட்கார்ந்த அரசாங்கம்! அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு, சாவுகள். ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். பின்னால் வந்த ஜோன் கொத்தலாவல அரிசி விலையை ஓரளவு இறக்கினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் கூப்பன் அரிசியில் கைவைக்க எந்த அரசாங்கத்துக்கும் கை நடுங்கியது.

சரி, இது ஏன் பலித்தது? என் கணிப்பில், குஜராத்தி வியாபாரியின் பூட்டு இங்கே கரையோரக் கிராமத்தவரின் கைக்கு மாறியதுதான் காரணம். கடைக்காரர் கதவைச் சாத்துவதோடு நின்றிருந்தால் கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டை ஒரு நாள் தூங்கியிருக்கும், அவ்வளவுதான். கொழும்பைத் தெற்கோடு கட்டிவைத்திருப்பது ஒரு ரயில் பாதையும் காலி நகருக்குப் போகும் ஒரு வீதியும். அவற்றில் கைவைத்ததும் அரசாங்கத்துக்கு மூச்சு முட்டியது.

2022 மே 6ஆம் திகதி தொழிற்சங்கங்கள் மறுபடி நாடு தழுவிய ஹர்த்தாலுக்கு அழைத்தபோது பலரும் 1953ஐத்தான் நினைவுபடுத்தினார்கள். அன்று காலை புறக்கோட்டைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். வழக்கமாக உள்ளே நுழைய முழங்கையால் இடம் பிடிக்க வேண்டிய குறுக்குத் தெருக்களில் காகங்கள் நடந்துகொண்டிருந்தன. ஷட்டர்கள் எல்லாம் கீழே. ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் சிலவற்றின் அடியில் ஒரு சாண் இடைவெளி தெரியும். உள்ளே விளக்கு எரியும். தெரிந்த வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தால் ஒரு மூட்டை அந்த இடைவெளியால் வெளியே தள்ளப்படும். ஹர்த்தாலுக்கும் மரியாதை, வியாபாரத்துக்கும் மரியாதை. பூட்டு விஷயத்தில் கடைக்காரருக்கு எப்போதும் அந்த ஒரு சாண் வசதி உண்டு. இல்லாதவர்கள் நாட்டாமிகள். மூட்டை சுமந்து கிடைப்பதில் அன்றன்று சாப்பிடுகிறவர்கள். கைவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் நிழலிலேயே குந்தியிருந்தார்கள். ஹர்த்தால் யாருக்காக என்றாலும் அதன் முதல் செலவு அவர்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அடுத்தது பகிஷ்கரிப்பு. தமிழ்நாட்டில் இப்போது புறக்கணிப்பு என்று எழுதுகிறார்கள், நாங்கள் இன்னும் பழைய வடசொல்லை விடவில்லை. வெளியே தள்ளி வைப்பது என்று பொருள். ஊர் விலக்கு என்ற வழக்கம் தமிழருக்கு நன்றாகத் தெரியும், அதன் அசிங்கமான சாதி முகமும் தெரியும். மேலிருப்பவர் கீழிருப்பவர் மீது போட்ட அந்த விலக்கைத் தலைகீழாகத் திருப்பியது அயர்லாந்து. 1880இல் மேயோ மாவட்டத்தில் குத்தகைக் குடியானவர்கள் வாடகைக் குறைப்புக் கேட்டார்கள். நிலப்பிரபுவின் முகவர் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட் மறுத்ததோடு சிலரை வெளியேற்றவும் பார்த்தார். ஊர் அவரை அடிக்கவில்லை. வேலைக்காரர் நின்றார்கள், கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் அவருடைய பயிரை அறுக்க வடக்கிலிருந்து ஐம்பது ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் படையினரையும் பொலிஸாரையும் நிறுத்தினார்கள். சுமார் 500 பவுண் பெறுமதியான பயிருக்கு 10,000 பவுண் செலவு என்பது அக்காலக் கணக்கு. ஆள் டிசம்பரில் அயர்லாந்தை விட்டே போனார். பெயர் மட்டும் எல்லா மொழியிலும் தங்கிவிட்டது.

இந்த ஆயுதம் கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு சுற்றுவழியில் வந்தது. 1905இல் வங்காளப் பிரிவினையை எதிர்த்து அந்நியத் துணியைத் தள்ளிவைத்த சுதேசி இயக்கம் தெற்கே பரவியபோது, தூத்துக்குடி வ. உ. சிதம்பரம்பிள்ளை ஒரு படி மேலே போனார். வேண்டாம் என்று தள்ளினால் போதுமா, பதிலுக்கு நம்முடையது வேண்டாமா? 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற கப்பல்கள் ஓடின. போட்டிக்கு நின்ற பிரித்தானியக் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவுக்கு இறக்கியது, பிறகு இலவசமாகவே ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். பகிஷ்கரிப்பின் பலவீனம் அந்தக் குடையில் இருக்கிறது. எதிராளிக்கு நஷ்டம் தாங்கும் சக்தி இருந்தால் காத்திருந்தே சாகடித்துவிடலாம். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டி வ. உ. சி. கைதானார், சங்கமும் நொடித்தது.

யாழ்ப்பாணம் இதை வாக்குப்பெட்டியில் முயன்றது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கொடுத்து, முதல் அரசாங்க சபைத் தேர்தலை அறிவித்தது. பூரண சுயராச்சியம் இல்லாத ஏற்பாடு எங்களுக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. வடக்கில் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே விழவில்லை. தெற்கிலுள்ள முற்போக்காளர் சிலர் கைதட்டினார்கள், ஆனால் தேர்தலில் நின்றார்கள். சபை வடக்கின் நான்கு கதிரைகள் காலியாக இருக்கவே கூடி வேலையைத் தொடங்கியது. இலட்சியத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த வாலிபர்கள் சாதிக்கும் எதிராக நின்றவர்கள், இன்றைய பலரைவிடத் தெளிவானவர்கள். ஆனால் பொய்கொட்டுக்கு ஆள் தேவைப்பட்டதைப் போல, கொழும்புச் சபைக்கு யாழ்ப்பாணத்தின் நான்கு பேர் தேவைப்படவில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் இன்னொரு விதமான பகிஷ்கரிப்பு நடந்தது. அதை யார் தீர்மானித்தார்கள், மக்கள் விரும்பித்தான் வீட்டில் இருந்தார்களா என்பதெல்லாம் வாசகருக்குத் தெரிந்த கதை. யாழ். மாவட்டத்தில் விழுந்த வாக்கு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது. நாடு முழுவதும் வெற்றி வித்தியாசம் ஏறத்தாழ 180,000. பிறகு நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

வேலைநிறுத்தத்துக்குக் கொழும்பில் நீண்ட பாட்டன் வழி உண்டு. 1893இல் அச்சுத் தொழிலாளர், 1906இல் வண்டிக்காரர், 1923இல் ஏ. ஈ. குணசிங்கவின் பொது வேலைநிறுத்தம், 1929இல் டிராம் ஊழியர். அந்தக் குணசிங்கவே முப்பதுகளில் பொருளாதாரம் சரிந்து வேலை அருகியபோது மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1947 மே, ஜூன் மாதங்களில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது அரச எழுதுவினைஞர்களும் பேனையைக் கீழே வைத்தார்கள். ஜூன் 5ஆம் திகதி ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டது. இறந்தவர் எழுதுவினைஞர் கந்தசாமி. சிங்களத் தோழர்களோடு நடந்து போன தமிழர், சம்பளத்துக்காகவும் சங்க உரிமைக்காகவும் செத்தவர். இந்த ஜூன் 5ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஆயுதத்துக்கு விசுவாசம் கிடையாது என்பதற்கும் கொழும்பிலேயே சாட்சி உண்டு. 1966 ஜனவரி 8ஆம் திகதி தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. அவற்றை எதிர்த்து சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து வேலைநிறுத்தத்துக்கும் ஊர்வலத்துக்கும் அழைத்தவர்கள் யார்? 1953இல் அரிசிக்காக ஹர்த்தால் நடத்திய, 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பேசிய அதே இடதுசாரிகள். பிரதமர் அப்போதும் டட்லி. அவருடைய வயிற்றில் மசாலா வடை இருக்கிறது என்று தமிழரைக் குத்தும் கோஷம் தெருவில் போனது. பதின்மூன்று வருஷத்தில் கொத்து அரிசி மசாலா வடையாக மாறிவிட்டது! இலங்கை இடதுசாரிகளின் சரிவை விளக்க எத்தனையோ தடித்த ஆய்வுகள் உண்டு. எனக்கு இந்த ஒரு வரியே போதும்.

பெரிய அடி 1980 ஜூலையில் விழுந்தது. விலைவாசிக்கு ஈடாகச் சம்பளம் கேட்டு அரச ஊழியர் நிறுத்தம் செய்தார்கள். ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் ஏறத்தாழ 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அதே கோடையில் போலந்தில் இறைச்சி விலை ஏறித் தொடங்கிய நிறுத்தங்கள் ஓகஸ்ட் கடைசியில் க்டான்ஸ்க் உடன்படிக்கையில் முடிந்து, சொலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. அமெரிக்காவில் ரொனால்ட் ரீகன் 11,000க்கு மேற்பட்ட விமானக் கட்டுப்பாட்டாளர்களை ஒரேயடியாக நீக்கியது அடுத்த வருஷம், 1981 ஓகஸ்டில். ரீகனுக்கு ஒரு வருஷம் முன்னோடியாக ஜே. ஆர். இருந்தார் என்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை. க்டான்ஸ்க் தொழிலாளர் கப்பல்தளத்துக்குள்ளேயே இருந்துகொண்டு மறுத்தார்கள், அவர்களுக்குப் பதில் ஆள் போட முடியவில்லை. கொழும்பில் அலுவலகத்துக்கு வெளியே நின்றவர்களின் கதிரைக்கு வரிசையில் ஆள் இருந்தது. முதுகெலும்பு முறிந்த தொழிற்சங்கங்களோடுதான் இந்த நகரம் மூன்று வருஷம் கழித்து 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குள் போனது. தெருவில் நின்று தடுக்கக்கூடிய, எல்லா இனத்தவரும் கலந்த அமைப்பு என்று ஒன்று அப்போது மிச்சம் இல்லை.

இங்கேதான் மச்சான் பேப்பரில் பார்த்த சுகயீன விடுமுறை வருகிறது. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டப்படி, ஜனாதிபதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் விட்டால் அந்தச் சேவையில் வேலைக்கு வராமல் இருப்பதே குற்றமாகிவிடும். ரயில், மின்சாரம், தபால் என்று ஏதாவது ஒன்று நிற்கப்போகிறது என்றதும் நள்ளிரவு வர்த்தமானி வரும். அதற்கு ஊழியர் கண்டுபிடித்த சந்துதான் ஒரே நாளில் எல்லோருக்கும் காய்ச்சல் வருவது. இன்னொரு சந்து, சட்டப்படி வேலை. விதிப் புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் செய்தால் எந்த அலுவலகமும் மத்தியானத்துக்குள் நின்றுவிடும் என்பது அதிகாரிக்கும் தெரியும், ஊழியருக்கும் தெரியும். பெயரைக் கேட்டால் வேடிக்கைதான், ஆனால் இவை 1980இன் தழும்புகள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கணக்கு வேறு. அவர் தடுத்து வைக்கக்கூடிய பொருள் நாட்டின் பெரும் ஏற்றுமதி. கிழமைக்கு ஒரு முறை மலையைச் சுற்றி வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும், பிறகு தொழிற்சாலைக்கு உதவாது. இவ்வளவு பலமான பிடி துறைமுகத் தொழிலாளரைத் தவிர இலங்கையில் யாருக்கும் இருந்திருக்காது. ஆனால் அவர் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடு தோட்டத்துடையது, நெடுங்காலம் அவர் உண்ட அரிசியும் தோட்டம் கடனுக்குக் கொடுத்தது. வேலையை நிறுத்தினால் வீடும் அடுப்பும் சேர்ந்து ஆட்டம் காணும். 1940இல் முல்லோயாத் தோட்டத்து நிறுத்தத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது, பலன் இல்லை. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு, கொழும்புக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அப்பா அம்மாவின் சம்பளத்துக்குப் பிள்ளைகள் நகரத்தில் நின்று கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது.

சத்தியாக்கிரகம் என்ற சொல் பிறந்தது இந்தியாவில் என்று நினைப்பவர்கள் அதிகம். பிறந்தது தென்னாபிரிக்காவில். டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906 செப்ரெம்பர் 11ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க்கின் எம்பயர் அரங்கில் கூடியவர்கள் சிறைக்குப் போவோம் என்று உறுதி எடுத்தார்கள். அதற்குப் பெயர் தேடியபோது பிறந்த சொல் இது. 1913இல் எல்லை தாண்டிச் சிறை சென்றவர்களில் தமிழ்ப் பெண்கள் கணிசம். தில்லையாடி வள்ளியம்மை அந்தச் சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பெப்ரவரியில் இறந்தார். அந்தப் போராட்டம் பாதிப் பலன் தந்ததற்குக் காரணம் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களும் கரும்புத் தோட்டங்களும் அதே சமயம் நின்றதுதான் என்பதைச் சொல்லாமல், அகிம்சையின் மகிமையை மட்டும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

1956 ஜூன் 5. கந்தசாமி இறந்து சரியாக ஒன்பது வருஷம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா வந்த அன்று, அப்போதைய நாடாளுமன்றத்துக்கு எதிரே காலிமுகத்திடல் புல்லில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் உட்கார்ந்தார்கள். வந்த கும்பல் அடித்தது. சிலரைத் தூக்கி அருகிலிருந்த பேரை வாவியில் போட்டது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். மசோதா சட்டமானது. 1961இல் அதே கட்சி வடக்கு கிழக்கில் கச்சேரி என்று சொல்லும் மாவட்ட அரச அலுவலகங்களின் வாசல்களில் உட்கார்ந்தபோது நிலைமை வேறு. கச்சேரி நின்றது, ஏப்ரலில் சொந்த முத்திரை அச்சிட்டுத் தபால் சேவையும் தொடங்கினார்கள். உடனே அவசரகாலச் சட்டம், இராணுவம், கைது. புல்லில் உட்கார்ந்திருந்தவரைக் காடையர் வசம் விட்ட அரசு, கச்சேரியை நிறுத்தியவருக்கு இராணுவத்தை அனுப்பியது. எது உறைத்தது என்று இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

ஜனாதிபதி கோட்டாபய போக வேண்டும் என்று கேட்டு அந்தப் புல்லுக்கே 2022 ஏப்ரல் 9இல் கூடாரங்கள் வந்தன. திடல் என்பதை மைதானம் என்றும் சொல்வோம். கீயெவ் நகரத்தார் 2013இல் கூடிய சதுக்கத்துக்கு மைதான் என்றே பெயர், கெய்ரோவாசிகள் 2011இல் நிறைத்த தஹ்ரீரும் மீதான்தான். பாரசீகமும் அரபும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்ட ஒரே சொல். சதுக்கத்தைப் பிடித்து உட்காரும் இந்த முறையில் தடுத்து வைக்கப்படுவது நகரத்தின் மானம். உலகப் பத்திரிகைகள் பார்க்கும் இடத்தில், ஹோட்டல்களுக்கு எதிரே, போகமாட்டோம் என்று இருப்பது. அதோடு டீசலும் எரிவாயுவும் இல்லாமல் நாடே தானாக ஹர்த்தாலில் இருந்தது. ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை, 13இல் கோட்டாபய மாலைதீவுக்கு, 14இல் இராஜினாமா, 22 அதிகாலையில் இராணுவம் வந்து கூடாரங்களைப் பிய்த்தது.

கொழும்புத் தமிழர் பலர் அங்கே ஒரு காலை உள்ளே வைத்து ஒரு காலை வெளியே வைத்துத்தான் நின்றார்கள். நானும் அப்படித்தான். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலி வீதியில் இறங்கினேன். இந்த இடத்தில் 1956இல் என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்ற இளைஞர்களுக்குச் சொல்ல ஆசை இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுகூர்ந்து கஞ்சி கொடுத்தார்கள். சிரட்டையில் வாங்கிக் குடித்த சிங்களப் பெண் ஒருவர் இதில் ஏன் உப்புக்கூட இல்லை என்று கேட்டார். சொன்னோம்.

இனிக் கவனயீர்ப்பு. பேப்பரில் அதிகம் வரும் சொல் இதுதான், எங்கள் நாட்டுத் தமிழ்ச் செய்தியாளர்களின் கைச்சரக்கு. கடை இல்லாதவர், வேலை நிறுத்த வேலை இல்லாதவர், வாக்கைக் கொடுத்தும் பார்த்து மறுத்தும் பார்த்தவர் செய்வது. மற்றச் சொற்கள் எல்லாம் எதையோ தரமாட்டேன் என்கின்றன. இது பாருங்கள் என்று மட்டும் கேட்கிறது. புவனஸ் அயர்ஸில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் மாயோ சதுக்கத்துக்கு வந்தபோது, கூடி நிற்கக் கூடாது, நடங்கள் என்றது பொலிஸ். நடந்தார்கள், சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி, வியாழன் தோறும், தலையில் வெள்ளைத் துணியோடு. இலங்கையில் 1984இல் யாழ்ப்பாணத்திலும் 1990இல் மாத்தறையிலும் அன்னையர் முன்னணிகள் எழுந்தன. ஒன்று தமிழ்த் தாய்மாருடையது, மற்றது சிங்களத் தாய்மாருடையது. கையில் இருந்தது ஒரே அளவுப் படம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தகரக் கொட்டகைகளில் உட்கார்ந்தார்கள். இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. காத்திருந்தபடியே கண்ணை மூடியவர்கள் பலர்.

முதல் மாதங்களில் அந்தச் செய்தி கொழும்புப் பேப்பர்களின் முன்பக்கத்தில் படத்தோடு வந்தது. நூறாவது நாள், ஐந்நூறாவது நாள், ஆயிரமாவது நாள் ஆகியவற்றுக்கு மறுபடி முன்பக்கம் கிடைத்தது. மச்சான் ஊருக்குப் போகும் அன்று காலை பேப்பரைத் தேடிப் பார்த்தோம். பிராந்தியச் செய்திகள் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஐந்து வரி இருந்தது. தலைப்பில் நாள் கணக்கு நான்கு இலக்கத்தில் இருந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, அச்சுப் பிழையா என்று கேட்டார்.